மீன் எதைப் பார்க்கிறது?



தூண்டிலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வீட்டில் சொன்னதும் சிரிப்புத்தான். கம்பு, நரம்பு, முள், இரை என்று நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மேடை எதற்கு, மைக் எதற்கு? நியாயமான கேள்வி. நான் இன்று அந்த நாலைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மீன் எதைப் பார்க்கிறது? தூண்டில் கட்டுகிறவன் எதை எதையோ பார்த்துக் கட்டுகிறான். மீன் எதைப் பார்க்கிறது?

முதலில் நம் குளத்தங்கரைக்கே போவோம்.

மூங்கில் கம்பு. நுனியில் நரம்பு. நரம்பில் ஒரு தக்கை. இன்றைக்குத் தெர்மோகோல் துண்டு, பழைய ஹவாய் செருப்பில் வெட்டியெடுத்த ரப்பர், எது கையில் கிடைக்கிறதோ அது தக்கை. ஆனால் மயிலிறகின் தண்டுக்கு ஈடு எதுவும் இல்லை. உள்ளே வெண்மையான நெட்டி, வெளியே நீர் புகாத ஓடு. எடையே கிடையாது, மீனின் மூச்சுப் பட்டாலும் அசையும். தக்கைக்குக் கீழே ஈயம். ஈயத்துக்குக் கீழே முள். முள்ளில் மண்புழு, அல்லது பிசைந்த மைதா.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? ஈயத்தில் இருக்கிறது. ஈயம் கூடினால் தக்கை முழுகிப்போகும். குறைந்தால் தக்கை தண்ணீரில் சோம்பிப் படுத்திருக்கும், மீன் தொட்டாலும் சொல்லாது. தண்டின் நுனி ஒரு விரற்கடை மட்டும் நீருக்கு மேலே நிற்க வேண்டும். அதற்காகத்தான் பழைய ஆட்கள் கரையில் உட்கார்ந்து ஈயத்தை நறுக்குவதும் சேர்ப்பதுமாக அரைமணி நேரம் போக்குவார்கள். பலர் பல்லாலேயே கடித்து அமுக்குவார்கள். தம்பிகளே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஈயம் நஞ்சு. இங்கிலாந்தில் ஆற்றடியில் கிடந்த ஈயக்குண்டுகளைக் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கி அன்னங்கள் செத்தன என்பதால், தூண்டிலுக்கான சிறு ஈயங்களை 1987-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். நமக்கு அன்னம் இல்லாவிட்டாலும் வாத்து இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, தக்கை நின்றுவிட்டது. இனி அது பேசும். ஜிலேபி வந்தால் கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை நடுங்கும். கெளுத்தி வந்தால் யோசனையே இல்லை, ஒரே இழுப்பு, தக்கை காணாமல் போகும். கெண்டை அப்படி இல்லை. ஈயம் தரையில் கிடக்கும்படி, முள்ளுக்கு நாலு விரல் தள்ளிக் கட்டியிருந்தீர்கள் என்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கெண்டை தலைகீழாக நின்று தரையிலிருக்கும் இரையை வாயில் வாங்கிக்கொண்டு நிமிரும். நிமிரும்போது ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாரம் போன தக்கை முழுகாது, மேலே எழும்பி அப்படியே நீரின்மேல் சாய்ந்து படுக்கும். தக்கை முழுகட்டும் என்று காத்திருப்பவனுக்குக் கெண்டை கிடையாது. படுத்த அந்த நொடியில் கம்பைத் தூக்குகிறவனுக்குத்தான் கெண்டை.

இங்கே மீன் எதைப் பார்க்கிறது? பெரும்பாலும் எதையும் பார்ப்பதில்லை! கலங்கல் தண்ணீரில் அது மோந்து வருகிறது, தடவி வருகிறது, சுவைத்துப் பார்த்து வருகிறது. கெளுத்திக்கு மீசையே நாக்கு. மைதா உருண்டை வட்டமாக இருந்தால் என்ன, சதுரமாக இருந்தால் என்ன?

ஆனால் கண்ணால் பார்த்து உண்ணும் மீன்களும் இருக்கின்றன. தெளிந்த ஓடையில், ஓட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டு, மிதந்து வரும் பூச்சியைப் பார்த்துக் கவ்வும் மீன்கள். டிரவுட் அப்படிப்பட்ட மீன். அதை அந்தப் பூச்சியைக் கொண்டே பிடிக்கலாம் என்றால் பூச்சியோ விரல் நக அளவுகூட இல்லை. முள்ளில் குத்தினால் சிதைந்துவிடும், வீசினால் பிய்ந்துவிடும். என்ன செய்வது? மனிதன் இறகை எடுத்தான், நூலை எடுத்தான், பொய்ப்பூச்சி ஒன்றைக் கட்டினான்.

இது நேற்று முந்தாநாள் நடந்ததல்ல. கிட்டத்தட்ட 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியைச் சேர்ந்த ஈலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு ஆற்றில் மக்கள் மீன் பிடிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல். அதன்மேல், சேவலின் தாடைக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டு. ஆறடிக் கம்பு, ஆறடிக் கயிறு. அவ்வளவுதான். நாட்டுக்கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் இன்றைக்கே இதைக் கட்டிவிடலாம்.

அவ்வளவு எளிதாகத் தொடங்கிய கலை எங்கே போய் நின்றது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து நின்றது!

பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரிட்டிஷ் பேரரசின் கப்பல்கள் உலகத்துப் பறவைகளையெல்லாம் லண்டனுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம். சால்மன் மீனுக்குப் பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் சேவல் இறகோடு நிற்பார்களா? தென்னமெரிக்கக் காட்டுப் பறவை, நியூகினித் தீவுச் சொர்க்கப் பறவை, டூக்கான், கிளி, மயில் என்று ஒரே முள்ளில் பத்துப் பன்னிரண்டு வகை இறகைக் கட்டினார்கள். அந்தப் பூச்சிகளின் கன்னத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். மெருகு பூசியதுபோல் பளபளக்கும் வெளிர்மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டு எங்கிருந்து போனது? நம் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து போனது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் கூவுகிறதே, சாம்பல் நிறக் காட்டுச்சேவல், அதன் கழுத்திறகின் நுனியில் இயற்கையே வைத்த பொட்டு அது. ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற சால்மன் பூச்சிக்கு நம் ஊர்ச் சேவலின் கழுத்து இல்லாமல் முகமே கிடையாது. இன்று அந்தப் பறவையைப் பிடிப்பது நம் சட்டப்படி குற்றம். அந்த இறகு வேண்டும் என்கிறவர்களுக்காக ஐரோப்பாவில் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

இப்போது என் கேள்வியைக் கேட்கிறேன். இவ்வளவு இறகில் சால்மன் எதைப் பார்த்தது? சொன்னால் சிரிப்பீர்கள். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் சால்மன் சாப்பிடுவதே இல்லை. அதன் குடல் சுருங்கிவிடும். பழக்கத்தாலோ எரிச்சலாலோதான் எதையாவது கவ்வுகிறது. உண்ணாத மீனுக்கு, உலகில் இல்லாத பூச்சியைப் பன்னிரண்டு பறவைகளின் இறகால் செய்திருக்கிறார்கள்! அந்தப் பூச்சி யாருக்காக? பெட்டியைத் திறந்து பக்கத்தில் நிற்பவனிடம் காட்டுவதற்காக. வேறெதற்கு?

அந்த மோகம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2009 ஜூன் மாதத்தில், லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் டிரிங் என்ற ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சன்னலை உடைத்து இரவில் உள்ளே நுழைந்தான். பாடம் பண்ணி வைத்திருந்த 299 பறவைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டான். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் மலாய்த் தீவுகளில் சேகரித்து அனுப்பிய பறவைகளும் அவற்றில் இருந்தன. எதற்காகத் திருடினான்? பழைய முறையில் சால்மன் பூச்சி கட்டுகிறவர்களுக்கு இறகு இறகாக விற்க. அப்படிக் கட்டும் பூச்சிகளில் பல தண்ணீரையே பார்ப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது திருட்டைவிட அந்தக் கண்ணாடிச் சட்டம்தான் உறுத்தியது.

இனி டிரவுட் மீனுக்கு வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஆறுகள் உண்டு. அடியில் கிடக்கும் கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அங்கே ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்று ஒருவர். 1886-ல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வகுத்த முறை இது: பூச்சி நீரின்மேல் மிதக்க வேண்டும், மேலே வந்து உண்ணும் மீனுக்கு மட்டுமே வீச வேண்டும், பொய்ப்பூச்சி மெய்ப்பூச்சியின் நிறத்தை அச்சு அசலாகக் கொண்டிருக்க வேண்டும். கடைசியில் 33 பூச்சிகளை வகுத்துக் கொடுத்தார். அவருடைய சீடர்கள் அதை வேதமாக்கினார்கள். நீருக்குள் பூச்சியை விடுகிறவன் கண்ணியமானவன் இல்லை என்கிற அளவுக்குப் போனார்கள்.

ஸ்கியூஸ் என்று ஒரு வழக்கறிஞர். அவருக்கு ஓர் ஐயம். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதலாமா? மீனையே விசாரித்துவிடுவோம் என்று முடிவு செய்தார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சுரண்டித் தின்ன அக்காலத்தில் குறுகலான நீண்ட கரண்டி ஒன்று வைத்திருந்தார்கள். பிடித்த டிரவுட்டின் தொண்டை வழியாக அந்தக் கரண்டியை விட்டு, வயிற்றிலிருந்ததை எடுத்தார். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் அலசினார். என்ன தெரிந்தது? சிறகு முளைத்த பூச்சிகளைவிட, சிறகு முளைக்காத குஞ்சுப் பூச்சிகள் குவியலாக மிதந்தன.

இருக்காதா பின்னே? அந்தப் பூச்சியின் வாழ்க்கையைப் பாருங்கள். மேஃபிளை என்பார்கள். மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் குஞ்சாக வாழ்கிறது. சிறகு முளைத்து வெளியே வந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுள். சாப்பிட வாய்கூடச் சரியாக இல்லை. மாதக்கணக்கில் அடியில் கிடக்கும் விருந்தை விட்டுவிட்டு, அந்த ஒரு நாளுக்காக மீன் பட்டினி கிடக்குமா? ஸ்கியூஸ் இதை 1910-ல் நூலாகவே எழுதிவிட்டார். 1938-ல், அவருக்கு ஏறத்தாழ எண்பது வயதானபோது, லண்டன் தூண்டில்காரர் சங்கத்தில் இதற்காகவே ஒரு விவாத மேடை போட்டார்கள். கிழவர் எழுந்து நின்று வாதாடினார். மண்டபம் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் இருந்தது. மீன்கள் வாக்களித்திருந்தால் தீர்ப்பு வேறு.

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போகிறவர் வழக்கறிஞர் அல்லர், கனவானும் அல்லர். ஆற்றுக் காவல்காரர். பெயர் ஃபிராங்க் சாயர். 1906-ல் பிறந்தவர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் சில மைல் தூரத்தைப் பராமரிக்கும் வேலை. கரை வெட்டுவது, பாசி அறுப்பது, சேறு தள்ளுவது. பட்டாளத்து அதிகாரிகள் வந்து மீன் பிடித்துவிட்டுப் போவார்கள், இவர் ஆற்றோடு இருப்பார். ஆற்றோடு இருந்ததால் அவருக்கு ஒன்று தெரிந்தது. நீந்தும் அந்தக் குஞ்சுப் பூச்சி கால்களை விரித்து வைத்துக்கொண்டு நீந்துவதில்லை. உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு நீந்துகிறது. அப்படியானால் பொய்ப்பூச்சிக்குக் கால் எதற்கு? கால் வைக்கச் செருகும் இறகு எதற்கு? எடுத்துவிட்டார்.

நூல் எதற்கு? அதையும் எடுத்துவிட்டார்.

மிஞ்சியது என்ன? ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் நாலு இழை. தலைமுடி பருமனில் சிவந்த செம்புக் கம்பி. இந்த இரண்டே பொருள்!

எப்படிக் கட்டினார் என்று சொல்கிறேன், கையை நன்றாகக் கவனியுங்கள். முள்ளின் தண்டு முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்று. மார்பு வரும் இடத்தில் இன்னும் சில சுற்று, ஒரு திமில் எழும்பும். கம்பியை முள்ளின் வளைவுக்குக் கொண்டு வா. நாலு இழையின் நுனி வெளியே நீட்டியிருக்கும்படி வைத்துக் கம்பியால் அமுக்கு. அந்த நுனிதான் வால். மிச்ச இழையைக் கம்பியோடு சேர்த்து முறுக்கு. முறுக்கியதை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போ. இழையும் கம்பியும் கலந்து, பழுப்பும் செம்பும் கண்டம் கண்டமாக மினுங்கும் உடம்பு வந்துவிட்டது. தலைக்கு வந்ததும் கம்பியைப் பிரித்து, இழையைத் திமிலின்மேல் பின்னால் ஒரு மடிப்பு, முன்னால் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. இன்னும் விரியாத சிறகின் மூட்டை அது. கம்பியாலேயே முடி போடு. வெட்டு. முடிந்தது.

அந்தக் கம்பியின் அழகைப் பாருங்கள். அதுவே நூல். அதுவே நிறம். அதுவே ஈயமும்! நீரில் விழுந்ததும் மேலே நிற்காமல் நேராக மீன் இருக்கும் ஆழத்துக்குப் போகும். 1958-ல் அவர் நூல் வந்தது. இன்று டிரவுட் இருக்கும் எல்லாக் கண்டங்களிலும் இந்தப் பூச்சியைக் கட்டுகிறார்கள். ஹால்ஃபோர்டின் 33-ல் எத்தனை பேருக்கு எத்தனை நினைவிருக்கிறது?

கட்டியதோடு வேலை முடியவில்லை, பூச்சிக்கு உயிர் கொடுக்க வேண்டும். மீனுக்கு மேற்பக்கம் வீசுவார். பூச்சி இறங்கியபடி மீனை நோக்கி மிதந்து வரும். மீனின் முகத்துக்கு நேரே வரும் தருணத்தில் கம்பின் நுனியை மெல்ல உயர்த்துவார். செத்துக் கிடந்த பொருள் திடீரென்று மேலே ஏறும். சிறகு விரிக்கத் தயாரான குஞ்சு நீர்மட்டத்துக்கு ஏறுவது அப்படித்தான். விட்டால் போய்விடும் என்று மீனுக்குத் தோன்றும், கவ்விவிடும். கவ்வியது எப்படித் தெரியும்? நரம்பில் கொழுப்புப் பூசி மிதக்க விடுவார், பூச்சிக்கு அருகில் மட்டும் பூசாமல் விடுவார். மிதக்கும் நரம்பு நீருக்குள் நுழையும் அந்தப் புள்ளி ஒரு துடிப்புத் துடிக்கும். அங்கே கண். மயிலிறகுத் தண்டை உற்றுப் பார்த்துப் பழகிய நம் ஊர்ப் பையனை அந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்துங்கள், ஒரே நாளில் பிடித்துக்கொள்வான்.

சாயர் இன்னொன்றும் செய்தார். டிரவுட்டோடு இரைக்குப் போட்டியிடும் கிரேலிங் மீனுக்காக, ஆற்றுச் சிற்றிறால் வடிவில் ஒரு பூச்சி. அது இன்னும் எளிது, கம்பியும் கம்பளி நூலும்தான். சாட்விக் கம்பெனியின் 477-ஆம் எண், காலுறை தைக்கும் நூல். நனைந்தால் ஒருவித இளஞ்சிவப்பு ஓடும் சாம்பல் நிறம் வரும். கம்பெனி அந்த நூலைச் செய்வதை நிறுத்திவிட்டது. உடனே என்ன ஆயிற்று தெரியுமா? அட்டையில் சுற்றிய பழைய 477 நூலுக்குத் தேடல், பேரம், பதுக்கல்! இரண்டே பொருளில் கட்டிய மனிதரின் பூச்சிக்கே இந்தக் கதி. மீண்டும் பெட்டியைத் திறந்து பக்கத்துக்காரனுக்குக் காட்டும் பேச்சு.

இந்தப் பேச்சுக்குப் பதில் சாயரின் அயல்வீட்டுக்காரர் மேஜர் ஆலிவர் கைட்டிடம் இருக்கிறது. அவர் இறகையும் எடுத்துவிட்டார். வெறும் முள், மார்பிடத்தில் கொஞ்சம் செம்புக் கம்பி. வேறொன்றும் இல்லை. அதைச் சரியாக இறக்கி, சரியான நேரத்தில் உயர்த்தி, மீன் பிடித்துக் காட்டினார். மீன் எதைப் பார்க்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன். அளவைப் பார்க்கிறது. ஆழத்தைப் பார்க்கிறது. அசைவைப் பார்க்கிறது. நிறமும் இறகும் அதற்கப்புறம்.

இந்தக் கதையில் நமக்கென்ன என்று கேட்கலாம். நீலகிரியில் டிரவுட் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் கட்டிக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அங்கே அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. ஆனால் நான் உங்களை ஊட்டிக்கு ரயிலேற்ற வரவில்லை. முதல் மழைக்குப் பிறகு மாலையில் ஈசல் கிளம்பிக் குளத்தில் விழுகிறதே, அப்போது நீர் முழுக்கச் சளப் சளப் என்று வாய் திறக்கிறதே, அவையெல்லாம் கண்ணால் பார்த்து உண்ணும் மீன்கள்தாம். சிறு கெண்டையும் ஜிலேபியும் சின்னப் பொய்ப்பூச்சியைக் கவ்வும்.

செம்புக் கம்பிக்கு எங்கே போவது? மிக்சி மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடையில் கேளுங்கள், கழித்துப் போட்ட காயிலில் வேண்டிய அளவு கிடைக்கும். ஃபெசன்டுக்கு எங்கே போவது? வேண்டாம். நாட்டுச் சேவலின் இறகு போதும். வெளிநாட்டுக்காரர்கள் பல காலம் நம் நாட்டுச் சேவல்களின் கழுத்துத் தோலை வாங்கித்தான் பூச்சி கட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் உதிர்ந்து கிடப்பதை நீங்கள் கட்டக் கூடாதா?

விராலைப் பற்றி ஒரு வார்த்தை, கேட்க இருப்பவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரப்பர்த் தவளையை இழுத்தால் பாய்ந்து வரும், உண்மைதான். ஆனால் நீர்மட்டத்தில் செம்மஞ்சளாக ஒரு குஞ்சுக் கூட்டம் கொதிப்பதைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. பசியில்லாமல் கோபத்தில் எதையும் கடிக்கும். அவற்றைப் பிடிப்பது மிகச் சுலபம், அதனால்தான் பிடிக்கக் கூடாது. அவற்றில் ஒன்றை எடுத்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை. ஜிலேபி வேண்டிய மட்டும் பிடியுங்கள், அது எங்கிருந்தோ வந்து நம் குளங்களை நிரப்பிக்கொண்ட மீன், யாரும் கேட்க மாட்டார்கள்.

மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு பிடிகருவி, செம்புக் கம்பி, ஒரு பை நிறையச் சேவல் இறகு, முள் எல்லாம் வைத்திருக்கிறேன். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் செதிலைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கியிருக்கிறேன், கழற்றி விடும்போது மீனின் வாய் கிழியாது, விரலில் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. வயதில் சின்னவர்கள் முதலில் வாருங்கள், ஒரு நேரத்தில் நாலு பேர். கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது, சண்டை போடாதீர்கள்.